எல் ஆல்ட்டோவுல பிரேசில் தோத்தது அநியாயமா? உயரம், வெயில், பனி, வெளியூர் டீம் பத்தி பேசலாம் வாங்க

இடதுகால்81:
2025 செப்டம்பர்ல உலகக் கோப்பை தகுதிச் சுற்றுல, தன்னோட மலை ஊரான எல் ஆல்ட்டோவுல பொலிவியா பிரேசிலை 1-0ன்னு அடிச்சதுல இருந்து ஒரே பேச்சு, அது ஃபுட்பாலே இல்ல, 4,150 மீட்டர் உயரத்துக்கு கூட்டிட்டு போய் மூச்சுத் திணற வச்சு ஜெயிக்கறாங்க, சீட்டிங்னு. எனக்கு அதைக் கேட்டா கோவம்தான் வருது. அங்க லட்சக்கணக்கான ஜனங்க குடும்பம் குட்டியோட வாழறாங்க, பசங்க ஸ்கூல் விட்டு வந்து பந்து ஆடறாங்க. வர்ற விருந்தாளிக்கு மூச்சு வாங்குதுன்னு வீட்டை இடிச்சு கீழ எறக்கியா கட்ட முடியும்?

ஆனா ஒண்ணு ஒத்துக்கணும். முன்னாடி அவங்க லா பாஸ்லதான் ஆடிட்டு இருந்தாங்க, அதுவே 3,600 மீட்டர் சொச்சம். 2024 செப்டம்பர்ல அதுக்கும் 500 மீட்டர் மேல இருக்கற எல் ஆல்ட்டோவுக்கு மாத்திக்கிட்டாங்க, முதல் மேட்ச்லயே வெனிசுவேலாவுக்கு 4 கோல். வேணும்னு எடுத்த முடிவுதான் அது, இல்லைன்னு சொல்லல. இருக்கற இடத்துல ஆடறது வேற, கஷ்டமான இடமா தேடிப் போய் ஆடறது வேற, இந்த ரெண்டுக்கும் நடுவுல கோடு எங்க விழுதுன்னு எனக்கு தெரியணும். அதுக்குத்தான் இந்த இழை.

சும்மாபார்ப்பவன்:
கோடு ரொம்ப சுலபம் ப்ரோ. டாக்டர் வேண்டாம்னு சொல்ற இடத்துல மேட்ச் வைக்கக் கூடாது. 2013ல லா பாஸ்ல அர்ஜென்டினா ஆடினப்ப மெஸ்ஸி வாந்தி எடுத்தாரு, அவர் டீம்ல ஆடின டி மரியாவுக்கு ஆக்ஸிஜன் வச்சாங்க. ஆக்ஸிஜன் கம்மியா இருக்கற இடத்துல 90 நிமிஷம் ஓடச் சொல்றது விளையாட்டா?

ஃபிசியோநிலா:
சின்ன திருத்தம், ஏன்னா எல்லாரும் இதைத் தப்பா சொல்றாங்க. மேல போனாலும் காத்துல ஆக்ஸிஜன் பங்கு அதே 21 சதவீதம்தான். குறையறது காத்தோட அழுத்தம். லா பாஸ்ல கடல் மட்டத்துல இருக்கறதுல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு அழுத்தம்தான், அதனால ஒவ்வொரு மூச்சுலயும் நெஞ்சுக்குள்ள போற ஆக்ஸிஜன் அந்த அளவுக்கு கம்மி.

இது ஃபுட்பால்ல எப்படி அடிக்குதுன்னா, ஒரே ஒரு ஸ்பிரிண்ட் ஓடச் சொன்னா மேலயும் கீழயும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஓடி முடிச்ச அப்புறம் மூச்சு பழைய நிலைக்கு திரும்பறதுதான் லேட் ஆகும். கீழ 30 செகண்டுல அடுத்த ஓட்டத்துக்கு ரெடியா இருக்கற விங் பேக், அதான் ஓரத்துல முன்னும் பின்னும் ஓடறவன், மேல இன்னும் இடுப்புல கை வச்சு நின்னுட்டு இருப்பான். டிவில பார்க்கறப்ப அவனுக்கு சோம்பேறித்தனம் மாதிரி இருக்கும், ஆனா உள்ள தசைக்கு இன்னும் கடன் அடையல.

அடுத்தது எப்ப மேல ஏறணும்ங்கற கேள்வி. ரத்தச் சிவப்பணு கூடறதுக்கான ஹார்மோன் சில மணி நேரத்துலயே ஏற ஆரம்பிச்சிடும், ஆனா சிவப்பணு நிஜமா கூடறதுக்கு வாரக்கணக்குல ஆகும். நடுவுல ரெண்டாவது மூணாவது நாள்தான் ரொம்ப மோசம், தலைவலி, தூக்கம் வராது, பசிக்காது. அதனாலதான் பல டீம் சாந்தா குரூஸ்ல, அதுவும் பொலிவியாதான், ஆனா வெறும் 400 மீட்டர் உயரம், அங்க தங்கிட்டு மேட்ச்சுக்கு சில மணி நேரம் முன்னாடி லா பாஸுக்கு பறந்து போறாங்க. உடம்பு சண்டை போட ஆரம்பிக்கறதுக்குள்ள ஆடி முடிச்சு எறங்கிடறது. இல்லைன்னா ரெண்டு மூணு வாரம் முன்னாடியே போயிடணும், லீக் ஆடற பசங்களை எந்த கிளப் அவ்ளோ நாள் விடும் சொல்லுங்க?

பழையரசிகன்:
ரெண்டு மூணு வாரம் முன்னாடி போறதை ஒரு தடவை நிஜமாவே செஞ்சு காட்டியிருக்காங்க தம்பி. 1973, அர்ஜென்டினா. லா பாஸ் மேட்ச்சுக்காகவே தனியா ஒரு டீமை எடுத்து நாட்டோட வடக்கு மூலையில ஹுஹுய் மலைப் பக்கம் கொண்டு போய் வாரக்கணக்குல பழக்கினாங்க. மெயின் டீம் வேற எங்கேயோ இருக்கு, இவங்களைப் பத்தி யாரும் கண்டுக்கல, அதனால பேய் டீம்னு பேரு வந்துச்சு. சின்னப் பையனா இருந்த மாரியோ கெம்பெஸும் அதுல ஒருத்தர். லா பாஸ்ல போய் 1-0ன்னு ஜெயிச்சுட்டு வந்தாங்க, ஃபோர்னாரி கோல்.

அதே அர்ஜென்டினாதான் 2009 ஏப்ரல் 1ம் தேதி மாரடோனா கோச்சா இருந்தப்ப, மெஸ்ஸி டெவெஸ் எல்லாரும் ஆடியும் 6-1ன்னு தோத்தாங்க. பொலிவியாவோட பொட்டெரோ ஹாட்ரிக். அன்னிக்கு மாரடோனா உயரத்தைக் காரணம் சொல்லி தப்பிக்கப் பார்க்கல, அதுக்காக அவர் மேல எனக்கு மரியாதை கூடிச்சு. ஏன் சொல்லலன்னு யோசிச்சா, அதுக்கு ஒரு வருஷம் முன்னாடிதான் அவரே லா பாஸ் வந்து ஒரு மேட்ச் ஆடிட்டு போயிருந்தாரு, உயரமான இடத்துல மேட்ச் கூடாதுன்னு ஃபிஃபா போட்ட தடைக்கு எதிரா.

அந்தத் தடைக் கதையும் தெரிஞ்சுக்கணும். 2007 மே மாசம் 2,500 மீட்டருக்கு மேல சர்வதேச மேட்ச் கிடையாதுன்னாங்க. பொலிவியாவோட லா பாஸ், ஈக்வடாரோட கீட்டோ, கொலம்பியாவோட பொகோட்டா மூணு தலைநகரமும் ஒரே நாள்ல அவுட். சத்தம் கெளம்பினதும் 3,000 ஆக்கினாங்க, அப்புறம் லா பாஸுக்கு மட்டும் விலக்கு குடுத்தாங்க, 2008 மே மாசம் தடையையே நிறுத்தி வச்சாங்க. ஒரு வருஷத்துல இத்தனை தடவை மாத்தறாங்கன்னா அந்தக் கோட்டுக்கு கீழ உறுதியான அடிப்படை எதுவும் இல்லன்னுதானே அர்த்தம்.

சும்மாபார்ப்பவன்:
சரி, பொலிவியாக்காரங்களுக்கு மட்டும் நுரையீரல் வேறயா? அவங்க பழகிட்டாங்க, எதிராளிக்கு பழகற வாய்ப்பே குடுக்கல. அதுதானே பிரச்சனை.

பழையரசிகன்:
எல்லாரும் பழகினவங்க இல்லப்பா. 1993ல லா பாஸ்ல பிரேசில் 2-0ன்னு தோத்துச்சே, உலகக் கோப்பை தகுதிச் சுற்றுல பிரேசிலோட முதல் தோல்வியே அதுதான், அதுல முதல் கோல் எட்செவெரி. அவர் பொறந்தது சாந்தா குரூஸ்ல, தாழ்வான ஊரு. அவங்களும் மேல ஏறி பழகித்தான் ஆடறாங்க. இன்னொண்ணு, அந்த மேட்ச் கிட்டத்தட்ட கடைசி வரைக்கும் 0-0. ரெண்டு கோலும் முடியப் போற நேரத்துல. நிலா சொன்ன கடன் கணக்கு அங்கதான் வந்து நின்னுச்சு. அடுத்த மாசமே ரெசிஃபேல பிரேசில் 6-0ன்னு திருப்பிக் குடுத்தாங்க. அது கடற்கரை ஊரு, புழுக்கம். அந்த 6-0ஐ யாராவது சீட்டிங்னு சொன்னாங்களா?

கணக்குப்பிள்ளை:
இதே விஷயத்துக்கு நம்பர் இருக்கு. 2007ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு ஆய்வு வந்துச்சு, தென் அமெரிக்காவுல 100 வருஷத்துல நடந்த 1,460 சர்வதேச மேட்ச்சை வச்சு. ரெண்டு டீமும் ஒரே உயரத்துல இருந்து வந்தா ஹோம் டீம் ஜெயிக்க 53.7 சதவீத வாய்ப்பு. பொலிவியா மேல, பிரேசில் கீழ இருந்து வர்ற மாதிரி 3,695 மீட்டர் வித்தியாசம்னா அது 82.5 ஆகுது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமாரா அரை கோல் லாபம்.

இது வரைக்கும் எல்லாரும் சொல்லுவாங்க. இதுல பாதியை யாரும் சொல்றதில்ல. அதே வித்தியாசம் தலைகீழா இருந்தா, அதாவது உச்சியில இருந்து ஒரு டீம் தரைக்கு இறங்கி வந்தா கீழ இருக்கற ஹோம் டீமோட வாய்ப்பு 21.3க்கு குறையுதுன்னு அதே ஆய்வு சொல்லுது. ஆனா தாழ்வான ஊருங்கள்ல நடந்த 2024 கோப்பா அமெரிக்கா போட்டியைப் பாருங்க, பொலிவியா மூணு மேட்ச்சும் தோல்வி, அமெரிக்காகிட்ட 0-2, உருகுவேகிட்ட 0-5, பனாமாகிட்ட 1-3. டீம் பலவீனம்னு சொல்லலாம், அதுவும் உண்மைதான், ஆனா அதே பலவீனமான டீம்தான் மேல பிரேசிலை அடிக்குது.

கைகாவலன்:
நான் கோல்கீப்பர், காலேஜ் டீமுக்கு நாலு வருஷம் ஆடினேன். மூச்சைப் பத்தியே எல்லாரும் பேசறீங்க, பந்தைப் பத்தி யாரும் பேசல, அதனால எழுதறேன்.

ஒரு தடவை கடல் மட்டத்துல இருந்து 2,000 மீட்டருக்கு மேல ஒரு மலை கிரவுண்டுல டோர்னமென்ட். முதல் மேட்ச், பத்தாவது நிமிஷம் இருக்கும், ஒருத்தன் 30 கஜத்துல இருந்து சும்மா ஒரு அடி அடிச்சான். கீழ அந்த மாதிரி ஷாட் வந்தா நடுவுல வேகம் செத்து கோல் பக்கம் வர்றப்ப லேசா குனியும், நான் அதை எதிர்பார்த்து ஒரு ஸ்டெப் முன்னாடி வந்து கையைக் கீழ வச்சேன். பந்து குனியவே இல்ல. அடிச்ச வேகத்துலயே வந்து என் கட்டை விரல் நுனியில பட்டு உள்ள போயிடுச்சு. விரல் ரெண்டு நாள் வீங்கி இருந்துச்சு. காத்து லேசா இருந்தா பந்தைத் தடுக்கற இழுவையும் கம்மி, சுழற்சியால வளையறதும் கம்மி, இதெல்லாம் படிச்சு தெரிஞ்சுக்கிட்டது அதுக்கு அப்புறம்தான். எங்க ஃப்ரீ கிக் போடறவனும் அன்னிக்கு முழுக்க டிஃபெண்டருங்க நிக்கற செவுத்துக்கும் கோலுக்கும் மேல அடிச்சுட்டு காலைப் பார்த்துட்டு நின்னான், பாவம், அவன் கால்ல ஒரு தப்பும் இல்ல.

இன்னொரு விஷயம். நாங்க பிராக்டிஸ் பந்தை கீழயே காத்து அடிச்சு பையில போட்டு கொண்டு போயிருந்தோம். மேல எடுத்தப்ப கல்லு மாதிரி இருந்துச்சு. வெளி அழுத்தம் குறைஞ்சா உள்ள இருக்கற காத்து அவ்ளோ பலமா தள்ளும்னு யாருக்கும் தோணல. ஊசி போட்டு கொஞ்சம் எறக்கியிருந்தா போதும். அந்தக் கல்லுலயே வார்ம் அப் பண்ணிட்டு மேட்ச் பந்துக்கு வேற கணக்கு, குழம்பிட்டோம்.

இடதுகால்81:
கைகாவலன் அண்ணே, இதைத்தான் தேடிட்டு இருந்தேன். அப்ப தோல்வியில பாதி உயரத்தால, பாதி நம்ம பழக்கத்தை மாத்திக்காததால. 2023 செப்டம்பர்ல மெஸ்ஸி ஆடாமலே அர்ஜென்டினா லா பாஸ்ல 3-0ன்னு ஜெயிச்சாங்க. பந்தை வச்சுக்கிட்டு எதிராளியை ஓட விட்டாங்க. அதே மலை, அதே காத்துதான் அன்னிக்கும்.

தூரப்பந்து:
வெயிலுக்கும் வாங்க. எனக்கு உயரத்தை விட வெயில்தான் பயம், ஏன்னா உயரத்துல மூச்சு வாங்கறப்ப நின்னுடுவோம், வெயில்ல பசங்க நிக்காம ஓடி மயங்கி விழறாங்க.

ஹோண்டுராஸ்ல சான் பெட்ரோ சூலான்னு ஒரு ஊரு, மத்தியான வெயில்ல மேட்ச் வைப்பாங்க. 2012 அக்டோபர்ல கனடா அங்க ஒரு டிரா எடுத்தா போதும் அடுத்த ரவுண்டு, 8-1ன்னு தோத்துட்டு வந்தாங்க. கனடா அதை மறக்கல. 2021 நவம்பர்ல மெக்ஸிகோவை எட்மன்டனுக்கு கூப்பிட்டாங்க, மைனஸ் 9 டிகிரி கிட்ட, கிரவுண்டு ஓரத்துல எல்லாம் பனிக் குவியல். 2-1ன்னு கனடா ஜெயிச்சாங்க, லாரின் ரெண்டு கோல், ஒரு ஆளு பனிக் குவியல்ல போய் குதிச்சாரு. அதுக்கு அடுத்து 2022 பிப்ரவரில அமெரிக்கா இதே ஹோண்டுராஸை மினசோட்டாவுல உறையற குளிர்ல ஆட வச்சாங்க, ஹாஃப் டைம்ல ஹோண்டுராஸ் பசங்க சிலர் குளிர் தாங்காம வெளிய வந்துட்டாங்க, 3-0. இதுதான் எனக்குப் பிடிக்கல. அமெரிக்காவுல எத்தனையோ கிரவுண்டு இருக்கு, பிப்ரவரில அந்த ஊரைத் தேடிப் பிடிக்கறாங்க. இடதுகால் கேட்ட கோடு எனக்கு இங்கதான் விழுது.

இடதுகால்81:
அப்ப எல் ஆல்ட்டோவும் தேடிப் பிடிச்சதுதானே?

தூரப்பந்து:
அங்க ஆல்வேஸ் ரெடின்னு ஒரு கிளப் வருஷம் முழுக்க அதே கிரவுண்டுல ஆடுது, சொந்த ஊர் ஜனம் வாரா வாரம் வந்து பார்க்குது. மினசோட்டாவுலயும் கிளப் இருக்கு, ஆனா பிப்ரவரி ஆரம்பத்துல அங்க லீக் மேட்ச் நடக்காது. அந்த சமயத்துல ஊர்க்காரனே அங்க ஆட மாட்டான்னா விருந்தாளியை எதுக்கு ஆட வைக்கணும்? எனக்கு அளவுகோல் இது ஒண்ணுதான்.

ஃபிசியோநிலா:
நல்ல அளவுகோல். இது எனக்குத் தோணவே இல்ல.

வெயில் பத்தி நான் கொஞ்சம் சேர்க்கறேன். தெர்மாமீட்டர் காட்டற நம்பரை மட்டும் பார்க்காதீங்க. வேர்வை வழியறதால உடம்பு குளிராது, வேர்வை ஆவியாகறதாலதான் குளிரும். காத்துல ஈரம் ஏறிடுச்சுன்னா வேர்வை சொட்டிட்டே இருக்கும், ஆவியாகாது, உள்சூடு ஏறிட்டே போகும். வறண்ட 38 டிகிரியை விட புழுக்கமான 32 டிகிரி ஆபத்தா இருக்கலாம். அதனாலதான் மேட்ச்சுக்கு டபிள்யூபிஜிடின்னு ஒரு அளவு வச்சிருக்காங்க, ஈரம், வெயில், காத்துச் சூடு மூணையும் சேர்த்து, அதுல ஈரத்துக்குத்தான் 70 சதவீத பங்கு. 2014 உலகக் கோப்பையில அது 32ஐ தாண்டினா தண்ணி பிரேக்.

வெயில்ல ஒரு நல்ல சேதி என்னன்னா உடம்பு சீக்கிரம் பழகும். ஒரு வாரத்துல இருந்து ரெண்டு வாரம். ரத்தத்துல நீர் அளவு கூடும், வேர்வை சீக்கிரமே வர ஆரம்பிக்கும், அதுல உப்பு கம்மியாகும். உயரம் மாதிரி சிவப்பணு கூடற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அதனால வெயில்ல அவே மேட்ச் தோத்துட்டு வானத்தைக் குறை சொன்னா நான் முதல்ல கேக்கறது, எத்தனை நாள் முன்னாடி போனீங்க?

பழையரசிகன்:
2014ன்னதும் ஃபோர்ட்டலேசா ஞாபகம் வருது. நெதர்லாந்து மெக்ஸிகோ, மத்தியான மேட்ச். மெக்ஸிகோ 1-0 லீட், வெயில் அவங்களுக்குத்தான் சாதகம்னு எல்லாரும் பேசிட்டு இருந்தோம். தண்ணி பிரேக்ல நெதர்லாந்து கோச் வான் கால் பசங்களைக் கூப்பிட்டு ஆட்டத்தையே மாத்தினாரு, தண்ணி குடிக்கக் குடுத்த நேரத்துல இன்னொரு பிளானுக்கு போனாரு. 88வது நிமிஷம் ஸ்னைடர், காயம் நேரத்துல ஹுண்டெலார் பெனால்டி. 2-1. குளிர் நாட்டு டீம் வெயில் நாட்டு டீமை வெயில்லயே கடைசி நிமிஷத்துல ஜெயிச்சுச்சு.

ஆனா எனக்கு நிஜமான கோவம் மத்தியான மேட்ச் வைக்கறவங்க மேல. 1970லயும் 1986லயும் மெக்ஸிகோவுல உச்சி வெயில்ல ஆட விட்டாங்க, எதுக்கு, ஐரோப்பாவுல சாயங்காலம் டிவி பார்க்கணும்னு. 1994 அமெரிக்காவுலயும் அதே கதை, ஆர்லாண்டோவுல அயர்லாந்து பசங்க தண்ணிக்குத் தவிச்சாங்க, அவங்க கோச் ஜாக் சார்ல்டன் ஓரத்துல நின்னு அதிகாரிங்ககிட்ட சண்டை போட்டாரு. டல்லாஸ்ல ஜெர்மனி 3-0 லீட்ல இருந்துட்டு ரெண்டாவது ஹாஃப்ல கால் நகராம தென் கொரியாகிட்ட 3-2ல தப்பிச்சாங்க. மலை அது இருக்கற இடத்துல இருக்கு, அதை யாரும் நகர்த்த முடியாது. கடிகாரத்தை நகர்த்தலாமே, அதை ஏன் செய்யல?

கணக்குப்பிள்ளை:
2025 கிளப் உலகக் கோப்பையில அமெரிக்காவோட சின்சினாட்டில ஜெர்மன் கிளப் டார்ட்மண்ட் என்ன செஞ்சாங்க தெரியுமா, வெயிலுக்குப் பயந்து சப்ஸ்டிட்யூட் பசங்களை முதல் ஹாஃப் முழுக்க டிரெஸ்ஸிங் ரூம்லயே உக்கார வச்சு டிவில மேட்ச் பார்க்க விட்டாங்க. தென் ஆப்பிரிக்கா கிளப் சன்டவுன்ஸ் கூட 4-3ன்னு ஜெயிச்சாங்க. அதுக்கு அப்புறம்தான் 2026 உலகக் கோப்பைக்கு எல்லா மேட்ச்லயும் ஒவ்வொரு ஹாஃப்லயும் 3 நிமிஷ பிரேக்னு ஃபிஃபா அறிவிச்சுது.

செயற்கைப்புல்:
பிட்ச் பத்தி ஒருத்தரும் பேசலையே! போடோ கிளிம்ட்னு ஒரு கிளப், நார்வேல ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்க, செயற்கைப் புல் தரை. 2021 அக்டோபர்ல மொரின்யோ கோச்சா இருந்த இத்தாலி கிளப் ரோமாவை 6-1ன்னு அடிச்சாங்க. செயற்கைத் தரையில பந்து எழும்பற விதமே வேற, ஷூவோட ஸ்டட் மாட்டற விதம் வேற, சறுக்கி டேக்கிள் பண்ணவே பெரிய டீம் பசங்க யோசிப்பாங்க, தொடை தோல் உரியும்னு. யோசிக்கற அந்த அரை நொடி போதும். ஆனா 2025 மே மாசம் அதே தரையில இங்கிலாந்து கிளப் டாட்டன்ஹாம் 2-0ன்னு ஜெயிச்சு யூரோப்பா ஃபைனல் போனாங்க, நீளப் பந்து, கார்னர் ஃப்ரீ கிக் மாதிரி செட் பீஸ், அலங்காரம் எதுவும் இல்லாம. தரை என்ன கேக்குதோ அதை ஆடினாங்க.

சும்மாபார்ப்பவன்:
கொஞ்சம் மனசு மாறிட்டேன், ஒத்துக்கறேன். 4,000 மீட்டருக்கு மேல வேண்டாம்னு இன்னும் தோணுது, ஆனா சீட்டிங்ங்கற வார்த்தையை வாபஸ் வாங்கிக்கறேன்.

புதுபேக்:
எல்லாருக்கும் வணக்கம், நான் படிச்சுட்டு மட்டும் இருந்தேன். எங்க டீம் அடுத்த வாரம் மலை மேல டோர்னமென்ட் போறோம், 2,200 மீட்டர். மேட்ச்சுக்கு ரெண்டு நாள் முன்னாடி போறதா பிளான். நாங்க எல்லாம் கடற்கரை பசங்க. என்ன செய்யலாம்?

ஃபிசியோநிலா:
2,200ல பெருசா பயப்பட வேண்டாம் தம்பி, ஆனா ரெண்டு நாள் முன்னாடிங்கறதுதான் இருக்கறதுலயே மோசமான கணக்கு. முடிஞ்சா அஞ்சாறு நாள் முன்னாடி போங்க, முடியலன்னா முதல் நாள் ராத்திரி போங்க. போன அன்னிக்கு ஹெவி பிராக்டிஸ் வேண்டாம். மேல காத்து வறண்டு இருக்கும், தாகம் தெரியாது, கேக்காமலே தண்ணி குடிங்க. முதல் 15 நிமிஷம் ஹை பிரஸ், அதான் எதிராளி பாதிக்கே ஓடிப் போய் பந்தைப் பிடுங்கறது, வேண்டவே வேண்டாம். விங்ல ஓடறவங்களை 60வது நிமிஷத்துலயே மாத்திடுங்க, அவங்க நல்லா ஆடிட்டு இருந்தாலும். யாருக்காவது தலைவலியோட வாந்தியும் வந்தா ஆட விடாதீங்க, எவ்ளோ முக்கியமான பிளேயரா இருந்தாலும் சரி.

கைகாவலன்:
கீப்பரை தனியா கூட்டிட்டு போய் தூரத்துல இருந்து 50 ஷாட்டாவது அடிங்க. முன்னாடி வராம கோல் லைன்ல நிக்கச் சொல்லுங்க. பந்துல காத்தைப் பாருங்க, மறந்துடாதீங்க.

புதுபேக்:
போயிட்டு வந்தோம். முதல் நாள் ராத்திரிதான் போக முடிஞ்சுது. முதல் மேட்ச் 2-1 தோல்வி, ரெண்டு கோலும் 70 நிமிஷத்துக்கு அப்புறம், எங்க லெஃப்ட் பேக்கை மாத்தாம வச்சிருந்தோம், அவன் பக்கம்தான் ரெண்டும் வந்துச்சு. அவனே கேட்டான் மாத்துங்கன்னு, நாங்கதான் கேக்கல. ரெண்டாவது மேட்ச் 0-0. கீப்பர் லைன்லயே நின்னான், 35 கஜத்துல இருந்து ஒண்ணு வந்துச்சு, குனியாம அப்படியே, ரெண்டு கையாலயும் பிடிச்சான். பிடிச்சுட்டு பெஞ்ச் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தான்.